அச்செழுத்தின் முகம்

புஸ்தகம் வாங்குகிறவர்கள் விஷயத்தைப் பார்க்கிறார்கள். ஆசிரியர் பெயரைப் பார்க்கிறார்கள். விலையையும் அட்டையையும் பார்க்கிறார்கள். எழுத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. எழுத்தின் வழியாகவே மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறபடியால் எழுத்து கண்ணில் படாமற் போய்விடுகிறது. மூக்குக் கண்ணாடி அணிந்தவருக்குக் கண்ணாடியின் ஞாபகம் எப்போது வருகிறது? அதில் கீறல் விழுந்தபோது வருகிறது. அச்செழுத்தும் அப்படியே. நல்ல எழுத்தாயிருந்தால் நூறு பக்கம் படித்த பிறகும் அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாது. கெட்ட எழுத்தாயிருந்தால் பத்தாம் பக்கத்தில் நெற்றிப் பொட்டு வலிக்கத் தொடங்கும். நாமோ ஆசிரியருடைய நடை சரியில்லை என்று பழிபோட்டுவிட்டுப் புஸ்தகத்தை மூடிவிடுவோம்.

இந்த வாரம் அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்றுப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம். முக்கியமாக, மனிதன் கையால் வரைந்து, கையால் வெட்டி உண்டாக்கிய பழைய பாணி எழுத்தின் குணம் என்ன, இன்று அதனால் என்ன பிரயோஜனம் என்பதே நமது விசாரணை.

இங்கிலீஷ் புஸ்தகம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எழுத்துகளின் தலையிலும் காலிலும் சின்னஞ்சிறு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ‘ஸெரிப்’ என்பார்கள். ரோமாபுரியின் கல்வெட்டுகளிலேயே இவற்றைக் காணலாம். 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்து அச்சுக்காரர்கள் தங்கள் காலத்து அறிஞர்களுடைய பேனா எழுத்தைப் பார்த்து உலோகத்தில் எழுத்து வெட்டினார்கள். பட்டையான நுனியுள்ள பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதினால் ஓரிடத்தில் கோடு பருக்கும், ஓரிடத்தில் மெலியும். அந்தப் பருமனும், மெலிவும், சாய்வும் உலோகத்திலும் வந்து சேர்ந்தன. முனைகளும் ஆணி அடித்து ஒட்டியவைபோல் இல்லாமல், கிளை அடிமரத்தோடு சேர்வதுபோல் வளைந்து சேர்ந்தன. இந்த ஜாதிக்குத்தான் ‘பழைய பாணி’ என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறொரு ஜாதி தலையெடுத்தது. அதில் நெடுங்கோடு மிகத் தடிப்பாயும் குறுக்குக் கோடு மயிரிழையாயும் இருக்கும். அளவுகோலும் காம்பஸும் வைத்துப் போட்ட கணக்குப் போல மினுமினுக்கும். தலைப்புக்கு அது கம்பீரந்தான். ஆனால் நாள் முழுதும் படிக்க உட்கார்ந்தவருக்குப் பழைய பாணியே இதமாயிருந்தது.

பழைய பாணியில் பேர்பெற்றவர் லண்டனில் வாழ்ந்த வில்லியம் காஸ்லன் (1692-1766). துப்பாக்கிகளில் சித்திர வேலை செதுக்குவது அவருடைய ஆதித் தொழில். அந்தக் கை எழுத்து வெட்டத் தொடங்கியது. அவருடைய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒன்று சற்றுக் குட்டை, ஒன்று சற்று அகலம், ஒன்றின் வளைவு மற்றொன்றின் வளைவோடு ஒத்துப்போகவில்லை என்று குற்றம் சொல்லலாம். வரியாகச் சேர்த்துப் பார்த்தாலோ எல்லாம் ஒரே குடும்பம். பஜனை கோஷ்டியில் ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு விதமாயிருந்தும் கேட்பதற்குச் சேர்ந்திருப்பதில்லையா, அதுபோல. 1776-ல் அமெரிக்க ஜனங்கள் தங்கள் சுதந்திரப் பிரகடனத்தை அச்சிட்டபோது, அதைக் கோத்ததும் காஸ்லன் எழுத்திலேதான். எந்த ராஜ்யத்தின் பிடியிலிருந்து விடுபட்டார்களோ, அந்த ராஜ்யத்து எழுத்தாலேயே விடுதலையை எழுதினார்கள்.

காஸ்லன் கதையில் நமக்கு ஒரு விசேஷ சம்பந்தம் உண்டு. 1720-ல் அவரிடம் அரபி எழுத்து வெட்டித் தரும்படி கேட்டது லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கம். தரங்கம்பாடியில் ஸீகன்பால்குக்கு அச்சு யந்திரம் அனுப்பி உதவியதும் அதே சங்கந்தான். யந்திரம் வந்தது, தமிழ் எழுத்து வேண்டுமே! ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் தமிழெழுத்து வார்க்கப்பட்டு 1713-ல் வந்து சேர்ந்தது. அந்த எழுத்து மிகப் பெரியது. வேதபுஸ்தகத்தை அதிலேயே அச்சிட்டால் கையிருப்புக் காகிதம் பாதி வழியில் தீர்ந்துவிடும் போலிருந்தது. சிறிய எழுத்து வார்க்க ஈயம் இல்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உருக்கிச் சிறிய எழுத்து வார்த்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. புதிய ஏற்பாடு 1715-ல் முடிந்தது. எழுத்தின் அளவு ஒரு புஸ்தகத்தின் தலைவிதியையே தீர்மானிக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தமிழ் அச்சின் கதை தரங்கம்பாடிக்கும் முற்பட்டது. 1578-ஆம் வருஷம் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கமுள்ள சிறு நூல். இந்திய பாஷை ஒன்றின் சொந்த எழுத்தில் இந்த மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. அதற்கு வேண்டிய எழுத்துகளில் ஒரு பகுதி கோவாவிலும் ஒரு பகுதி கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. அன்று தொடங்கி ஏறக்குறைய முந்நூறு வருஷ காலம், தமிழுக்கு எழுத்து வெட்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழைப் பிறந்த பிறகு கற்றுக்கொண்ட கைகள். அவர்கள் எதைப் பார்த்து வெட்டினார்கள்? ஓலையைப் பார்த்து வெட்டினார்கள். இங்கேதான் நமது விசாரணையின் மையத்துக்கு வருகிறோம்.

எழுத்தின் உருவத்தை முடிவு செய்வது அறிவு மட்டும் அல்ல, கருவியும்தான். திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் ஏறுகிறவர்கள் பாதி வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக் கோயிலை நின்று பார்க்கவேண்டும். 7-ஆம் நூற்றாண்டில் அதன் தூண்களில் வெட்டிய கிரந்த எழுத்துகள், உளி பிடித்தவன் ஒவ்வொரு வளைவையும் ரஸித்துச் செய்தவை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். காவேரியைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்குப் போனால், கோயில் மதில்களிலும் மண்டபங்களிலுமாக 600-க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அங்கேயும் உளியின் குணம் எழுத்தின் குணமாயிற்று. ஓலையின் கதை வேறு. எழுத்தாணி ஓலையைக் கீறுகிறது. பருமன், மெலிவு என்ற பேதம் அதற்குத் தெரியாது. நார் ஓடும் திசையில் நேர்கோடு அழுத்தினால் ஓலை பிளக்கும். ஆகையால் கை வளைந்து வளைந்து போகும். தமிழெழுத்தின் சுழிகளுக்கும் வளைவுகளுக்கும் ஓலை தந்த பயிற்சி பெரிய காரணம்.

ஓலையிலிருந்து உலோகத்துக்கு வந்தபோது எழுத்துக்கு இரண்டாவது ஜன்மம் ஏற்பட்டது. எஃகுத் துண்டின் நுனியில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்குவார்கள். அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் உண்டாக்குவார்கள். அந்தப் பள்ளந்தான் தாயச்சு. அதன்மேல் ஈயமும், வெள்ளீயமும், அஞ்சனக் கல்லிலிருந்து எடுக்கும் ஆண்டிமனியும் கலந்த உருக்கை ஊற்றினால் எழுத்து பிறக்கும். செதுக்குகிறவர் பேனாப் பழக்கம் உள்ளவர். கோடு தொடங்கும் இடத்தில் சற்றுத் தடிப்பும், முடியும் இடத்தில் மெலிவும் வைக்காவிட்டால் அவர் மனம் ஒப்பாது. மையும் காகிதமும்கூட அதையே வேண்டின. இப்படி, எழுத்தாணியின் வளைவும் பேனாவின் பருமன் மெலிவும் கலந்து, நமது தாத்தாக்கள் படித்த தமிழெழுத்து உருவாயிற்று. ‘ஸெரிப்’ என்ற முனை தமிழுக்குக் கிடையாது. ஆனால் அந்த முனை இங்கிலீஷில் செய்யும் காரியத்தை, அதாவது எழுத்தை வரியில் ஊன்றி நிறுத்தி, கண்ணை அடுத்த எழுத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போவதை, தமிழில் இந்தத் தடிப்பும் மெலிவும் சுழியும் செய்கின்றன.

ஓலைக்கு ஒரு குறையும் இருந்தது. ஏடுகளில் புள்ளி வைப்பதில்லை. ‘ர’ என்பதும், ‘ர்’ என்பதும், துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் பேதம் கண்ணுக்குத் தெரியாது. பொருளை ஊகித்துப் படிக்கவேண்டும். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரைப் போன்ற பெரியவர்கள் பட்ட பாட்டில் இதுவும் ஒரு பகுதி. இந்தக் குறைக்குப் பரிகாரம் தேடியவர்களுள் ஒருவர் நமது அயலிலேயே வாழ்ந்தவர். கொள்ளிடத்துக்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்த் தொண்டு செய்த வீரமாமுனிவர், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், நெடிலுக்குக் கொம்பைச் சுழித்தும், ஏகார ஓகாரங்களுக்குத் தனி அடையாளம் இட்டும் எழுதும் முறையைக் கொண்டுவந்தார். அச்சு அதை நிலைநாட்டியது. ஏட்டில் ஊகமாயிருந்தது அச்சில் நிச்சயமாயிற்று. எழுத்தின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தெளிவையும் சேர்த்தே அழகு என்று சொல்லவேண்டும்.

19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்திய பி. ஆர். ஹண்ட் என்பவர் தமிழ் அச்செழுத்தைச் சிறியதாயும் கூர்மையாயும் செய்து பேர் பெற்றார். 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்ஸ்லோவின் தமிழ்-இங்கிலீஷ் அகராதி 1862-ல் அவருடைய அச்சுக்கூடத்தில்தான் அச்சாயிற்று. அத்தனை சொற்களை ஒரே புஸ்தகத்தில் அடக்குவது பெரிய எழுத்தால் ஆகிற காரியமா? இதற்கிடையில், 1835-ல் மெட்காப் காலத்துச் சட்டம் அச்சுக்கு இருந்த தடைகளை நீக்கியது. நம்மவர்கள் தாராளமாக அச்சுக்கூடம் வைக்கலானார்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-ல் சென்னைக்கு வந்து யந்திரம் வாங்கிப்போய்ச் சொந்த அச்சுக்கூடம் நிறுவினார். கோடும் கொம்பும் வேற்றார் செதுக்கியவை ஆனாலும், அவற்றை அடுக்கி என்ன சொல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை நம் கைக்கு வந்தது.

அந்த உரிமை சென்னையோடு நின்றுவிடவில்லை. ஸ்ரீரங்கத்தில் டி. கே. பாலசுப்பிரமணிய ஐயர் நடத்திய வாணி விலாஸ் அச்சுக்கூடத்தின் பெயர் இன்றைக்கும் பழைய புஸ்தகப் பிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். 1910-ல் காலடியில் ஆதிசங்கரருக்குக் கோயில் எழுந்ததன் ஞாபகார்த்தமாக, அவருடைய நூல்களை 20 தொகுதிகளாகத் தேவநாகரி எழுத்தில் இங்கே பதிப்பித்தார்கள். கடலுக்கு அப்பாலுள்ள வித்வான்களும் அந்தப் பதிப்பை மேற்கோள் காட்டினார்கள். ராஜதானியின் தலைநகரமும் அல்லாத, கலாசாலையின் ஆதரவும் இல்லாத ஒரு தீவில், இரண்டு ஆறுகளுக்கு நடுவே, சுத்தமான எழுத்தும் சீரான வரியுமாக அவ்வளவு பெரிய வேலை நடந்தது. நமது ஊரில் நல்ல அச்சு வராது என்று கையை விரிக்கிறவர்கள் ஏதேனும் ஒரு நூல் நிலையத்தில் அந்தத் தொகுதிகளில் ஒன்றை எடுத்துப் பார்ப்பது நலம்.

இனி, தமிழில் எழுத்து வார்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கணக்காகவே சொல்லிவிடுகிறோம். இங்கிலீஷ்காரனுக்குப் பெரியதும் சிறியதுமாக 52 எழுத்து போதும். நமக்கு எழுத்து 247. எல்லாவற்றையும் தனித்தனியே வார்க்க வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18, அகர உயிர்மெய் 18, இகர ஈகார உகர ஊகார வரிசைகள் 72, ஆக 121. துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்ற நான்கையும் கூட்டினால் 125. பழைய முறையில் ணா, றா, னா என்ற மூன்றும், ணை, லை, ளை, னை என்ற நான்கும் தனி உருவம் உடையவை, ஆக 132. ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த வரிசைகளும், எண்களும், குறிகளும் இதன்மேல். இவ்வளவையும் ஒரே கை வரையவேண்டும், ஒரே குடும்பமாக்கவேண்டும். அதுவும் ஒரு தரம் வரைந்தால் போதாது. சிறிய அளவில் மெல்லிய கோடு சற்றுத் தடிக்கவேண்டும். சுழியின் உட்புறம் சற்று அகலவேண்டும். இல்லாவிட்டால் மை அடைத்துக்கொள்ளும். ஆகவே ஈயக் காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும் தனியே வெட்டினார்கள். கண்ணையும் ஏமாற்றியாகவேண்டும். ‘ட’ என்பது அடிக்கோட்டில் தட்டையாக உட்காருகிறது. ‘ஐ’, ‘ழ’ போன்ற வளைவான எழுத்து அதே உயரத்தில் இருந்தால் குட்டையாகத் தோன்றும். அதை ஒரு மயிரிழை மிகுத்து வரைந்தால்தான் சரிசமமாகத் தெரியும். அளவுகோலுக்குப் பொய்யாயிருப்பது கண்ணுக்கு மெய்யாகிறது. கையால் வரைந்த எழுத்தின் ரகசியம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்றே சொல்லலாம்.

மேலே சொன்ன தனி உருவங்களின் கதையையும் சொல்லவேண்டும். பெரியார் ஈ. வெ. ரா. 1935-லிருந்து ‘குடி அரசு’ப் பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். 1978-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் அதில் ஒரு பகுதியை உத்தரவாக்கியது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை என்ற 13 எழுத்துகளும் மற்ற எழுத்துகளைப்போலவே துணைக்காலும் கொம்பும் பெற்றன. கற்கிறவருக்குச் சுமை குறைந்தது. அச்சுக் கோப்பவருக்கு அறைகள் குறைந்தன. இது நல்ல மாறுதல் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் எந்த நன்மைக்கும் ஒரு விலை உண்டு. யானை துதிக்கையைத் தூக்கினாற்போன்ற பழைய ‘லை’யை இன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதினால், பத்துப் பையன்களில் எட்டுப் பேர் அது என்ன எழுத்து என்று விழிக்கிறார்கள். அவர்கள் வீட்டு அலமாரியிலேயே, பாட்டனார் வாங்கி வைத்த புஸ்தகங்கள், 1978-க்கு முன் அச்சானவை, தூசி படிந்து கிடக்கின்றன. பதின்மூன்றே எழுத்து குறுக்கே நிற்கிறது. பாட்டனாருக்கும் பேரனுக்கும் நடுவே இவ்வளவு மெல்லிய சுவர் இருப்பது நமக்கு வருத்தமாயிருக்கிறது. அரை மணி நேரத்தில் இடித்துவிடக்கூடிய சுவர் அது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு நேயர் நமக்கு எழுதியுள்ள கடிதம் இந்த விஷயத்தைத்தான் தொடுகிறது. அவர் வீட்டில் பாட்டனாருக்கு ஸதாபிஷேகம் நடக்கவிருக்கிறது. பாட்டி ஐம்பது வருஷமாக ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிவைத்திருக்கும் ஊஞ்சல் பாட்டு, நலங்குப் பாட்டு, தாலாட்டு எல்லாவற்றையும் சிறு புஸ்தகமாக அச்சிட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க எண்ணம். அச்சாபீஸில் இரண்டு மாதிரி காட்டினார்களாம். ஒன்று, கோடு முழுவதும் ஒரே பருமனாயுள்ள புது மோஸ்தர் எழுத்து. மற்றொன்று, பழைய பாணியில் தடிப்பும் மெலிவுமாக வரைந்தது. பிள்ளைகள் முதலாவதே நாகரிகம் என்கிறார்கள். பாட்டி இரண்டையும் கண்ணருகில் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னுடைய லை எங்கே?” என்று கேட்டாராம். யார் சொல்வதைக் கேட்பது என்று நேயர் வினவுகிறார்.

பாட்டி சொல்வதைக் கேட்கவேண்டும் என்பதே நமது தீர்ப்பு. அதற்குக் காரணம் மரியாதை மாத்திரம் அல்ல. பாட்டு என்பது தொடர்ந்து படிக்கும் விஷயம். வரியிலிருந்து வரிக்குக் கண் வழுக்கிப் போகவேண்டும். அதற்குப் பழைய பாணியே ஏற்றது. மேலும் அந்தப் புஸ்தகத்தை நிஜமாகவே எடுத்துப் பாடப்போகிறவர் பாட்டிதான். கணினி எழுத்தில் ஒரு பெரிய சௌகரியம் இருப்பதையும் பலர் அறியார். உள்ளே குறித்துவைக்கும் குறியீடு பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் ஒன்றுதான். எழுத்துருவை வரைந்தவர் இரண்டு வடிவத்தையும் சேர்த்து வைத்திருந்தால், மறுபடி தட்டச்சு செய்யாமலே உடையை மாற்றுவதுபோல் வடிவத்தை மாற்றிவிடலாம். ஆகையால் பாட்டுகளைப் பழைய வடிவத்தில் அச்சிடுங்கள். கடைசிப் பக்கத்தில் 13 எழுத்துகளையும் பழையது ஒரு பத்தியிலும் புதியது ஒரு பத்தியிலுமாக அட்டவணை போட்டுவிடுங்கள். வம்சாவளியையும், விசேஷம் நடக்கும் இடம், நேரம், வழி முதலிய விவரங்களையும் பிள்ளைகள் விரும்பும் புது எழுத்திலேயே போடலாம். அளவைத் தீர்மானிக்க அச்சாபீஸ்காரரைக் கேட்காதீர்கள். ஒரே பாட்டை 12, 14, 16 பாயிண்டு மூன்றிலும் அச்சிட்டு வாங்கி, பாட்டி வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான வெளிச்சத்தில் கொடுங்கள். எதைத் தடுக்காமல் படிக்கிறாரோ அதுவே அளவு. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கிறபடியால், ஒரே பாயிண்டில் இங்கிலீஷைவிடத் தமிழின் உடல் சிறுத்துத் தோன்றும் என்பதை மறக்கக்கூடாது.

இந்தத் தீர்ப்பிலிருந்தே பொதுவான விதியும் கிடைக்கிறது. நாவல், சரித்திரம், உரைநூல், பாராயண நூல், கலியாணப் பத்திரிகை, நினைவு மலர் ஆகியவற்றுக்குப் பழைய பாணி எழுத்து உகந்தது. அதில் ஒரு மனிதக் கையின் சாயல் இருக்கிறது. நிதானமாகப் பேசுகிற பெரியவர் குரல் இருக்கிறது. பஸ்ஸின் நெற்றிப் பலகை, ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகை, மருந்துப் புட்டியின் சீட்டு, அபாய அறிவிப்பு ஆகியவற்றுக்கு அது உதவாது. தூரத்திலிருந்து ஒரே பார்வையில் பிடிபட வேண்டிய இடத்தில் மெல்லிய கோடு மறைந்துவிடும். அங்கே ஒரே பருமனான எழுத்தே வேண்டும். சத்திரம் பஸ் நிலையத்தில் ஓடிப்போய் ஏறுகிறவனுக்கு எழுத்தின் லாவண்யம் வேண்டாம். ஊர் பெயர் தெரிந்தால் போதும். கைப்பேசியின் சிறு திரையிலும் அப்படியே.

எந்த எழுத்தாயினும் அதை ஏற்குமுன் ஒரு சிறு பரீட்சை வைக்கலாம். எ-ஏ, ஒ-ஓ, ன-ண, மு-ழு, ஞ-ளு, கு-ரு, ர-துணைக்கால் என்ற ஜோடிகளைச் சிறிய அளவில் அச்சிட்டுச் சிறுவன் ஒருவனையும் வயோதிகர் ஒருவரையும் படிக்கச் சொல்லவேண்டும். இருவரில் ஒருவர் தயங்கினாலும் அந்த எழுத்து, எவ்வளவு அழகாயிருந்தாலும், புஸ்தகத்துக்கு ஆகாது. பள்ளிக்கூடத்து ஆண்டு மலர் வெளியிடுகிறவர்களும், கோயில் மலர் வெளியிடுகிறவர்களும் இந்தப் பரீட்சையைக் கையாண்டால் வாசிப்பவர் வாழ்த்துவார்கள்.

முன்னெல்லாம் வாரப் பத்திரிகைகளில் கதைத் தலைப்புகளை அச்செழுத்தில் கோப்பதில்லை, சித்திரக்காரர்களே வரைந்தார்கள். மணியம், கோபுலு முதலியவர்கள் காலத்தில், தலைப்பின் ஒரு சுழியைப் பார்த்தே கதை ஹாஸ்யமா சோகமா என்று சொல்லிவிடலாம். ஈயக் காலத்தில் எழுத்தை அதன் அகலத்துக்கு மேல் இழுக்க முடியாது; ஈயம் இடம் கொடாது. இன்று கணினியில் எதையும் இழுக்கலாம். அதனால் தெருவெங்கும் தொங்கும் பதாகைகளில் தமிழெழுத்து பக்கவாட்டில் இழுபட்டும், நெடுக்கில் நசுங்கியும் படும் அவஸ்தையைக் காண்கிறோம். மனிதர் படத்தை அப்படி இழுத்தால் சண்டைக்கு வருவார்கள், எழுத்துக்கு வாயில்லை. இடம் போதாவிட்டால் வார்த்தையைக் குறையுங்கள். எழுத்தை இழுக்காதீர்கள் என்று பதாகை செய்விக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

குறை மட்டுமே சொல்வது நியாயமாகாது. கணினி வந்த பிறகு எழுத்து வரையும் காரியம் பெரிய முதல் உள்ளவர்களின் தனிச் சொத்தாக இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லிருந்து கணினித் தமிழுக்கு உழைத்து வருகிறார். கூகிள் நிறுவனத்தின் ‘நோட்டோ ஸெரிப் தமிழ்’ போன்ற எழுத்துருக்கள் தடிப்பும் மெலிவும் உள்ள பாணியில், காசில்லாமலே எவருக்கும் கிடைக்கின்றன. ஹாலே நகரத்திலிருந்து கப்பலில் எழுத்து வரக் காத்திருந்த தேசத்தில், இன்று ஒரு கல்லூரி மாணவி தன் மேஜையில் உட்கார்ந்து தமிழெழுத்துக் குடும்பம் ஒன்றை முழுவதும் வரைந்துவிட முடியும். வேண்டியது மூன்று: பழைய எழுத்தைப் பொறுமையாகப் பார்க்கும் கண், 132 உருவத்தையும் வரைந்து திருத்தும் கை, நம் எழுத்தை நாமே செய்யவேண்டும் என்ற மானம்.

பார்ப்பதற்குப் பழைய எழுத்து இருக்கவேண்டுமல்லவா? கணினியும் ஆப்ஸெட் யந்திரமும் வந்தபின், ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டு உருக்கிவிட்டவர்கள் அநேகர். பிழைப்புக்காகச் செய்தவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் இன்னும் எங்கேனும் ஒரு பழைய அச்சாபீஸின் மூலையில் எழுத்துப் பெட்டி மிஞ்சியிருந்தால், அதை விற்பதற்கு முன் ஒவ்வோர் எழுத்தையும் மை தடவி நல்ல காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து, அளவும் வார்ப்படக்காரர் பெயரும் தெரிந்தவரையில் குறித்து, பக்கத்துக் கல்லூரி நூல் நிலையத்தில் கொடுத்துவைக்க வேண்டுகிறோம். ஒரு நாள் வேலை, சில தாள் காகிதம், வேறு செலவில்லை. பின்னால் வரைகிறவர்களுக்கு அதுவே தாயச்சாக உதவும்.

வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடிய காரியம் இதனினும் எளிது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அலமாரியிலிருந்து 1978-க்கு முந்திய புஸ்தகம் ஒன்றை எடுத்துத் தூசி தட்டுங்கள். குழந்தைகளை அருகில் உட்காரவைத்துப் பதின்மூன்று எழுத்துகளையும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். பிறகு ஒரு பக்கத்தை அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் தடுக்குவார்கள். இரண்டாவது பத்தியில் சிரிப்பார்கள். பக்கம் முடிவதற்குள் கதையில் இறங்கிவிடுவார்கள்.